வெள்ளைக்காரி பேசிய தமிழ்

பாறசாலை ஓலைக் கொட்டகையில் இங்கிலீஷ் படம் போட்டால், திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும். மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த நாட்களில் அந்த ஆள் நான். பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் ஊருக்கே கேட்கும் தொண்டையும் எனக்கு உண்டு. அடக்கம் அப்போதும் கிடையாது.

தமிழில் நாலு பேர் கூடிப் பேசினாலே போலீஸ் எட்டிப் பார்க்கும் காலம். மலையாளத்தில் மட்டும்தான் கதை சொல்ல வேண்டும், தமிழ் வந்தால் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். அம்மா அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை நிலைத்தால் அவளை வீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அன்று வந்தது இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றிய புதுப் படம். முகமெல்லாம் கரியோடு வெள்ளைக்காரர்கள் சுரங்கத்திலிருந்து ஏறி வந்ததும் கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் ஊர் நாடகத்தில் கோமாளிதான் கரி பூசுவான். வெள்ளைக்காரனைத் தோட்டத்துத் துரையாகத்தான் நாங்கள் அறிவோம். அவனும் கூலிவேலை செய்வான் என்று யார் கண்டது? "வேஷமல்ல, பணியெடுத்த கரியாணு!" என்று, அது வேலை செய்து படிந்த கரி என்பதை மலையாளத்தில் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. முன்னால் மணலில், அண்டியாபீஸ் பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

திரையில் சுரங்கம் இடிந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவனின் மனைவி மேலாளரின் மேசையைத் தட்டிப் பேச ஆரம்பித்தாள். அதற்குமேல் எனக்கு மலையாளம் வரவில்லை.

"எலே, உள்ள கிடக்கது எனக்க மாப்பிளையாக்கும்! ஒனக்கு கரி பெருசா, ஆளு பெருசா?"

எங்கள் வீட்டுத் தமிழில் முழங்கிவிட்டேன். சிரிப்பு சட்டென்று நின்றது. அம்மா எழுந்துவிட்டாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்து வெந்த கைகளைத் தூக்கி, "கேளுடி, நல்லா கேளு!" என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

படம் முடிந்ததும் முதலாளி வாசலில் நின்றார். "நாளெ முதல் வரண்டா" என்றார். நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை. வழியில் அம்மாவிடம் சொன்னேன். இனியும் அவள் அண்டியாபீஸுக்குப் போக வேண்டுமே என்றுதான் எனக்கு வருத்தம்.

"போறேன், அதுக்கென்ன மக்கா? அந்த வெள்ளக்காரிக்கே எனக்க மவன் பேசின மாதிரி பேச வராது, கேட்டியா" என்றாள் அம்மா.