கண்ணை மூடியதும் இறங்கிய கை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் ஃபிசிக்ஸ் எடுத்த பள்ளியில் கிளாஸ் டெஸ்ட்டுக்குக் கேள்வித்தாள் கிடையாது. ஆசிரியர் நடந்துகொண்டே கேள்வியை வாயால் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ப்ளஸ் ஒன் படித்த கயல் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டாள். ஒருநாள் கெமிஸ்ட்ரி மேடம் ஸ்டாஃப் ரூமில் பொரிந்து தள்ளினார்.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா சார். கேள்வி கேட்டா முழிக்கிறா. காப்பி வேற. நாளைக்கு அவங்கம்மாவ வரச் சொல்லிட்டேன். சயின்ஸ் குரூப் வேணாம்னு எழுதி வாங்கிடப் போறேன்."

கயல் கடலோரக் குருசுக்குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்பவர். மகளை நர்சிங் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை. சயின்ஸ் குரூப் போனால் அதுவும் போயிற்று.

அன்று மதியம் கயல் வகுப்பில் எனக்கு அதிர்வெண் பாடம். ஒரு வினாடியில் எத்தனை அதிர்வு என்பதுதான் அதிர்வெண், அலகு ஹெர்ட்ஸ் என்று சொன்னால், சாப்பிட்டு வந்த வகுப்பு தூங்கிவிடும். அதனால் மிக்சியின் வேகத்தைக் கூட்டினால் சத்தம் ஏன் கீச்சென்று ஏறுகிறது, கொசு ஏன் காதருகே பாடுகிறது என்று பேசிவிட்டு, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பைத் திறந்து ஸ்பீக்கரில் இணைத்தேன்.

"கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வைங்க. கேக்கலன்னா இறக்கிடுங்க."

இருநூறு ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏற்றினேன். பதினோராயிரத்தைத் தாண்டியதும் எனக்கே எதுவும் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"சாருக்கு சார்ஜ் போச்சுடா!" என்றது கடைசி பெஞ்ச்.

வயதானால் உயர்ந்த அதிர்வெண்தான் முதலில் கேட்காமல் போகும் என்று அதையும் பாடத்தில் சேர்த்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். ஆனால் இருபதாயிரத்திலும் ஒரு கைகூட இறங்காதது இடித்தது. சத்தமில்லாமல் ஸ்பீக்கரை அணைத்தேன். அப்போதும் எல்லாக் கைகளும் மேலே.

"ஆஃப் பண்ணி எவ்ளோ நேரமாச்சு! எதக் கேட்டுட்டு இருக்கீங்க?"

யாருக்கும் முதலில் கையை இறக்க மனமில்லை. அடுத்தவனைப் பார்த்துத் தூக்கிய கைகள்தான் பாதி. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி மறுபடி தொடங்கினேன்.

மூவாயிரத்தைத் தாண்டியதும் ஒரே ஒரு கை இறங்கியது. கயலின் கை. இன்னொரு முறை போட்டேன். அதே இடத்தில் இறங்கியது.

மணி அடித்ததும் அவளை வராந்தாவில் நிறுத்தினேன்.

"நான் பேசுறது கேக்குதாம்மா?"

என் வாயையே பார்த்தாள். "சத்தம் கேக்குது சார். வார்த்தைதான் பாதி பாதியா வரும். நீங்க போர்டு பக்கம் திரும்பிட்டா ஒண்ணுமே புரியாது."

"பக்கத்துப் பேப்பர்ல என்னம்மா பாக்குற?"

"கேள்விய மட்டும்தான் சார். பதில் நானே எழுதறது."

பேச்சில் அ, ஆ போன்ற உயிர் ஒலிகளின் பலம் குறைந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. ச, ஸ போன்றவை உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரம் அவள் காதுக்கு எட்டவில்லை.

மறுநாள் அம்மா வந்தார். மீன் கூடையை வாசல் கேட் அருகே வைத்துவிட்டு, புடவை முந்தானையில் கையைத் துடைத்தபடி ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்றார். மேடம் வாயைத் திறக்கும் முன் நானே சொன்னேன்.

"காப்பி இல்லம்மா. அவளுக்குக் காதுல கோளாறு. ஆஸ்பத்திரில காட்டணும்."

அழுவார் என்று நினைத்தேன்.

"காதுதானா சார்? அப்ப எம்பொண்ணு திருட்டுத்தனம் பண்ணலதானே?"

மேடம் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். குரூப் மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது. அந்த வாரத்திலிருந்து டெஸ்ட் கேள்விகளைப் போர்டில் எழுதினோம்.

ஆஸ்பத்திரியில் சோதித்து, சில மாதங்களில் காது மெஷின் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்ட மறுநாள் காலை, பிரேயருக்கும் முன்பே கயல் என்னைத் தேடி வந்துவிட்டாள்.

"சார், அலை அடிக்கிறப்ப மட்டும்தான் சத்தம் வரும்னு நெனச்சிட்டு இருந்தேன். திரும்பிப் போறப்பவும் ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருது சார்! உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். ரிட்டயர் ஆகும்வரை அதிர்வெண் பாடத்தை நான் வரையறையில் தொடங்கவில்லை. "உனக்கு என்ன கேக்குது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன்.