ஐந்து கம்பெனிக்கு ஒரு பூசணிக்காய்

விருதுநகரில் தொழிலாளர் அதிகாரியின் ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். சண்முகத்தாய் அக்கா முன்னால், நான் பின்னால். மிளகாய் மண்டி நெடியில் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். பார்த்தவர்கள், கேஸ் தோற்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. பூசணிக்காயில் போய் நின்றிருந்தது.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. அக்காவுக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான் வேலை. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு சீசனுக்கு ஒதுங்கிய லோடுமேன். போன தீபாவளி முடிந்து ஆலை மறுபடி திறந்தபோது, ஆர்டர் இல்லை என்று எங்களில் பாதிப் பேரை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

எனக்கு இது பழக்கம். துண்டை உதறித் தோளில் போட்டால் அடுத்த ஊர். சாட்சி சொல்லத்தான் இன்னும் இங்கே கிடக்கிறேன். அக்காவுக்கு அப்படியா? வீட்டுக்குச் சுவர் எழுப்பியாகிவிட்டது. மேலே தளம் இல்லை, தார்ப்பாய். வேலையை விட்டு நிறுத்தியதற்கு நஷ்டஈடு வந்தால் தளம். வராவிட்டால் இந்த மழைக்கும் தார்ப்பாய்தான்.

முதலாளியின் வக்கீல் ஒரே போடாகப் போட்டார். அது ஒரே ஆலை இல்லையாம். ஐந்து கம்பெனியாம்! முதலாளி பெயரில் ஒன்று, மனைவி, மகன், மருமகள் பெயரில் ஒவ்வொன்று... கைக்குழந்தையான பேத்தி பெயரிலும் ஒன்று.

கேட் ஒன்றுதான். ஆனால் ரூம்கள் தனித்தனி. பட்டாசு ஆலையில் அப்படித்தான் — ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். அந்த இடைவெளியைத்தான் வக்கீல் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ரூமும் ஒவ்வொரு கம்பெனி. திரி வைக்கும் ரூமிலிருந்து பாக்கெட் போடும் ரூமுக்கு அக்கா போனால், ஒரு கம்பெனியை ராஜினாமா செய்துவிட்டு இன்னொன்றில் சேர்ந்ததாக அர்த்தம். எதிலும் தொடர்ந்து ஒரு வருடம் இல்லை. ஆகவே நஷ்டஈடு இல்லை.

யோசித்துப் பாருங்கள்... காலையில் மாமியார் கம்பெனி, மதியம் மருமகள் கம்பெனி, சாயங்காலம் கைக்குழந்தையின் கம்பெனி. இத்தனை ராஜினாமா செய்த மனுஷி வேறு எங்காவது உண்டா?

எங்கள் வக்கீல் ஃபைலைக் கட்டிவிட்டார், அதிகாரி பேனாவை மூடிவிட்டார். அப்போதுதான் அக்கா முதலாளியிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அமாவாசைக்கு அமாவாசை கேட்ல பூசணிக்கா உடைக்கீகளே மொதலாளி, எத்தனை உடைக்கீக?”

முதலாளி தன் வக்கீலைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இருந்தவரை உடைத்தது நான்தானே? “ஒண்ணுதான் சார்” என்றேன்.

“அப்ப மத்த நாலு கம்பெனிக்கும் யாரு திருஷ்டி கழிக்கது? மருந்துல கைய வச்சுச் செய்யுற தொழிலு... பச்சப்புள்ள கம்பெனியக்கூடவா அப்படியே விட்டுட்டீக?”

இதெல்லாம் சாட்சியம் ஆகாது என்றார் முதலாளியின் வக்கீல். ஆகாதுதான். ஆனால் முதலாளி முகத்தில் ரத்தம் இல்லை. சட்டத்தை ஏமாற்றத் துணிகிறவர்கள்கூடத் திருஷ்டியிடம் வைத்துக்கொள்வதில்லை. அதிகாரி வாய்தா போட்டார். கிளம்பிவிட்டோம்.

மண்டியைத் தாண்டும்போது ஆலையின் கணக்கப்பிள்ளை மொபெட்டைக் குறுக்கே நிறுத்தினார். மறுநாள் அமாவாசை. முதலாளி ஐந்து பூசணிக்காய் வாங்கச் சொல்லிவிட்டாராம். சேதி அதற்குள் செல்போனில் ஆலைக்குப் போய், எனக்குப் பிறகு உடைத்துவரும் வாட்ச்மேன் மாட்டேன் என்கிறாராம். நாலு கம்பெனித் திருஷ்டி இத்தனை வருஷமாகச் சேர்ந்து கிடக்கிறது, உடைக்கிறவன் தலையில்தான் இறங்கும் என்று பயம். எனக்குத்தான் குடும்பம் குட்டி இல்லையே... இறங்கினாலும் பரவாயில்லையாம். ஒருநாள் கூலி தருகிறேன் என்றார்.

கையில் காசு இல்லை. ஆனால் அக்காவின் கேஸை அல்லவா உடைக்கக் கூப்பிடுகிறார்? அவளைப் பார்த்தேன். மொபெட் போனதும் சொன்னாள்.

“போ தம்பி. ஊரே பாக்குற மாதிரி உடை. இம்புட்டு நாளா அஞ்சு உடைக்கலைங்கிறது, நாளைக்கு அஞ்சு உடைச்சாத்தான தெரியும்.”

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளே குங்குமம் பூசிய ஐந்து பூசணிக்காய், வரிசையாக. மருமகள் இடுப்பிலிருந்த பேத்தி உட்பட ஐந்து கம்பெனிக்காரர்களும் வந்து நின்றார்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டில் அக்கா, வேலை போனவர்கள், எங்கள் வக்கீல்.

முதல் காயைத் தூக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். என் கூலியை எந்தக் கம்பெனியில் வாங்கிக்கொள்வது? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“எல்லாம் ஒரே கம்பெனிதாம்லே. பேசாம உடை” என்று எரிந்து விழுந்தார்.

ரோட்டிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

“அண்ணாச்சி, அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எங்க வக்கீலுக்குக் காது மந்தம்.”