பிசிறக்காவின் ஒற்றைப் பங்கு

காலை ஷிஃப்டுக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே சட்டைத் தொழிற்சாலை வாசலில் ஒதுங்கி நின்று பிசிறக்கா பேரத்தை ஆரம்பித்துவிடுவாள். போன் திரையில் பங்கின் விலை இருநூற்றுப் பதினைந்து என்றால், இவள் இருநூற்றுப் பதின்மூன்றுக்குக் கேட்பாள். "சொன்ன விலைக்கு எவளாவது வாங்குவாளா?" பிறகு போனை வாசல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போவாள்.

அவளுக்கு வேலை செக்கிங் பிரிவில். தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் விரித்து, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். பெயர் வந்தது அப்படித்தான். இருபத்தேழு வருடப் பழக்கம் பஸ்ஸிலும் விடாது. முன்சீட்டுக்காரர் காலரில் நூல் தெரிந்தால் கை தானாகப் பைக்குள் துழாவும். மற்றபடி, தனக்குச் சம்பந்தமில்லாததில் தலையிட மாட்டாள். ஆளில்லாத ஹாலில் விசிறி சுழன்றால், "நம்ம வீட்டுக் கரண்டா? முதலாளி பாத்துப்பாரு" என்று நடையைக் கட்டிவிடுவாள்.

வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. அதற்குள் இந்தக் கம்பெனியின் பங்கு ஒன்றே ஒன்றாவது வாங்கிவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். "கூலிக்கு வந்தவ, பங்குக்காரியா வெளிய போகணும்."

பாடம் சொல்லிக்கொடுப்பது மருமகள். மாமியார் கெட்டிக்காரி. நஷ்டம் பெருகுமுன் பங்கை விற்றுவிடும் 'ஸ்டாப் லாஸ்' பாடத்தன்று, "புரிஞ்சுதா அத்தை?" என்றதற்கு, "தையல் விட ஆரம்பிச்சதுமே சட்டையைக் கழட்டிடணும். முழுசா கிழியிற வரைக்கும் போட்டுக்கிட்டு நிக்கக்கூடாது, அவ்வளவுதானே?" என்றாள்.

ஒன்று மட்டும் அவள் மண்டையில் ஏறவே இல்லை.

"விலை ஏறிக்கிட்டே போகுது அத்தை. நீங்க குறைச்சுக் கேட்டா யாரு குடுப்பா?"

"குடுப்பான். கடை கட்டுற நேரத்துல எப்பேர்ப்பட்டவனும் இறங்கி வருவான்."

யாரும் இறங்கி வரவில்லை. சாயங்காலம் சந்தை மூடும்; அவள் கேட்ட ஆர்டர் தானாக ரத்தாகிக் கிடக்கும். மறுநாள் விலை இன்னும் ஏறியிருக்கும். வயிறு எரியும், பெருமையும் தாங்காது. "ஏறாம என்ன செய்யும்? ஒரு பிசிறாவது விட்டிருக்கோமா?" மூன்று வாரம் இப்படியே ஓடிற்று.

வியாழக்கிழமை காலை மருமகள் கறாராகச் சொன்னாள்: "இன்னைக்கு வாங்கினாதான் நாளைக்கு உங்க கணக்குல வந்து விழும். இன்னைக்கும் பேரம் பேசினீங்க, வெறுங்கையோடதான் வருவீங்க."

வாசலில் நின்றாள் பிசிறக்கா. இருநூற்று நாற்பத்தொன்று. மணி அடித்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் இவளைத் தாண்டி உள்ளே போனார்கள். "கொள்ளைக்காரப் பாவி" என்று யாரையோ திட்டியபடி, வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்ன விலைக்கே சம்மதித்து விரலை வைத்தாள்.

மறுநாள் காலை திரையில் கம்பெனி பெயருக்கு நேரே 'ஒன்று' என்று இருந்தது. அதை மூன்று முறை மூடித் திறந்து பார்த்தாள்.

சாயங்காலம் பிரிவு உபசாரம் முடிந்தது. சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். கட்டிப்பிடித்து அழுதவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டு, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் வரை வந்தவள், சட்டென்று நின்றாள். திரும்பி, காலியாகக் கிடந்த செக்கிங் ஹாலுக்கு நடந்தாள். சுழன்றுகொண்டிருந்த விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.