அத்தையின் தபசுகாலம்

பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டிய ரொட்டி. யுத்த காலத்தில் அப்பா துறைமுக வேலை முடிந்து வரும்போது அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். அவர் தெருமுனை திரும்பும்போதே வாசனை எங்களுக்கு எட்டிவிடும். ஆனால் அது எங்களுக்கு இல்லை, அத்தைக்கு. தூத்துக்குடியில் ரொட்டிக்கடைகளுக்கு அப்போதும் குறைவில்லை. என்றாலும் எங்கள் தெருவில் ரொட்டி என்பது நோயாளியின் சாப்பாடு. ஒரு வீட்டுக்குள் ரொட்டி போனால் “யாருக்கு மேலுக்கு முடியல?” என்றுதான் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. ரொட்டிக்காகவே ஒரு காய்ச்சல் வராதா என்று ஏங்கியிருக்கிறேன். அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “கல்லுக்குண்டு மாதிரி இருக்கா” என்று சொல்லி என்னைத் தள்ளிவிடுவாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மாமா கொழும்புக்குப் போய்வரும் தோணியில் தண்டல். தோணியை நடத்திப் போகிற பொறுப்பு அவருடையது. வயிற்றில் உண்டான இரண்டும் தங்காமல் போய், உடம்பும் உருகத் தொடங்கியதும் அவர்தான் அத்தையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அவள் வாய்த்துடுக்குக்காரி. ஆளைப் பார்த்தால் அழத் தோன்றும், பேச ஆரம்பித்தால் சிரித்துவிடுவோம். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பியிருக்கும், வாய் நிறையப் புண். எது தின்றாலும் வயிறு கழிந்துகொண்டே இருக்கும். நாட்டு வைத்தியர் கிராணிக் கழிச்சல் என்றார். ஆஸ்பத்திரி டாக்டர் வயிறு பலவீனம் என்றும், எளிதில் செரிப்பதாகப் பாலும் ரொட்டியும் கொடுங்கள் என்றும் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, எல்லா டாக்டரும் எல்லா நோயாளிக்கும் அதைத்தான் சொன்னார்கள். தெருவில் மட்டும் தொத்துகிற எலும்புருக்கி என்று பேசிக்கொண்டார்கள். அத்தை தண்ணீர் குடித்த செம்பை அடுத்த வீட்டுக்காரி சீலைத் தலைப்பால் பிடித்து நகர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

பர்மா அரிசி வரத்து நின்றுபோனதும் ரேஷனில் பாதிக்குப் பாதி கோதுமை போட ஆரம்பித்தார்கள். அதை என்ன செய்வது என்று எங்கள் பெண்களுக்குத் தெரியாது. சோறு போல வேகவைத்துப் பார்த்தார்கள், இடித்துக் கஞ்சி வைத்தார்கள், திட்டிக்கொண்டே தின்றார்கள். எங்கள் குசினியில் மட்டும் கோதுமைக்கு மரியாதை. சத்துள்ளது என்று சொல்லி அம்மா அதை அத்தைக்கென்று எடுத்துவைத்தாள். காலையில் கோதுமைக் கஞ்சி, பகலில் ரஸ்க், சாயங்காலம் ரொட்டி. அத்தை மெலிய மெலிய அம்மா இன்னொரு துண்டை வெட்டி வைப்பாள். “ஏளா, தின்னாத்தான தெம்பு வரும்?” என்று கெஞ்சுவாள். “திங்கத்தான் செய்யுதேன் மைனி. வார வழி உங்களுக்குத் தெரியும், போற வழி எனக்குத் தெரியும். தெம்பு எங்கன எறங்குதுன்னுதான் தெரியல” என்பாள் அத்தை. ஆனால் ரொட்டி அவளுக்கு உயிர். நடுவில் இருக்கும் மெத்தென்ற பாகத்தைப் பிய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாள். ஓரத்துக் கருகலை எனக்கு ஒளித்துத் தருவாள்.

அந்த வருஷம் தபசுகாலம் தொடங்கியபோது அவளால் மாதா கோயில்வரை நடக்க முடியவில்லை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முந்திய அந்த நாற்பது நாளும் எங்களவர்கள் பிரியமான ஏதாவது ஒன்றை விடுவார்கள். கருவாட்டை விடுவார்கள், வெற்றிலையை விடுவார்கள், என் அப்பா சுருட்டை விட்டுவிட்டு வீட்டில் எல்லோரையும் கடித்துக் குதறுவார். அத்தை படுத்த படுக்கையாக மாதாவுக்குப் பொருத்தனை செய்தாள். ரொட்டியை விடுகிறேன், ஒன்று என்னை எழுப்பிவிடு, இல்லை எடுத்துக்கொள் என்று. அம்மா அழுதுவிட்டாள். அது ஒன்றுதானே உள்ளே இறங்குகிறது, அதையும் விட்டால் என்ன மிஞ்சும் என்று. கோதுமைக் கஞ்சியாவது குடி என்று வேண்டினாள். அத்தை மசியவில்லை. “ரொட்டிய விட்டுட்டு அதோட ஆத்தாள மடியில வச்சிக்கிட்டா மாதா சிரிப்பாவ, மைனி.”

வேறு வழியில்லாமல் அம்மா ரேஷன் கோதுமையைத் தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் கொடுத்துக் கம்பு கேட்டாள். ஓட்டப்பிடாரத்துப் பக்கமிருந்து அவருக்கு மூட்டை வரும். “ஊரே சீக்குக்காரிக்குக் கோதுமை தேடி அலையுது, நீங்க அதக் குடுத்துட்டுக் கம்பு கேக்கிய. கம்பு முரடு தாயீ, வயிறு தாங்குமா?” என்றார். தாங்கியது. முதலில் கழிச்சல் குறைந்தது. பிறகு வாய்ப்புண் ஆறியது. கம்பங்கூழும் சாளை மீன் குழம்பும் கேட்டு வாங்கிக் குடித்தாள். பாஸ்குக்கு முந்திய குருத்து ஞாயிறு வருவதற்குள் எழுந்து நின்று, கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். மாதா புதுமை செய்ததாக ஊர் திரண்டு வந்தது. செம்பைத் தலைப்பால் பிடித்தவளே அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பாஸ்குத் திருநாளன்று அத்தை நடந்தே கோயிலுக்குப் போய் நன்மை வாங்கினாள். புளிக்காத கோதுமை மாவில் செய்து, பூசையில் சாமியாரின் கையால் ஆண்டவருடைய சரீரமாகும் அப்பத்தை நாவில் வாங்குவதைத்தான் நாங்கள் நன்மை வாங்குவது என்போம். வீட்டுக்கு வந்தால் ஆட்டிறைச்சிக் குழம்பும் இரண்டு முழு ரொட்டியும் காத்திருந்தன. பொருத்தனை முடிந்தது அல்லவா? அவள் தின்றதைப் பார்த்து அப்பா அழுதார், சந்தோஷத்தில்தான். அந்த வாரம் முடியுமுன் அத்தை மறுபடியும் படுக்கையில் விழுந்தாள்.

விசுவாசம் பத்தவில்லை என்று சிலர் சொன்னார்கள், கண்ணேறு என்றாள் அம்மா. அத்தை மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்துக் கிடந்தாள். பிறகு ஒருநாள், “மைனி, மாதா தந்தது சொகமில்ல, தாக்கல். கோதும ஆவாதுன்னு சேதி. எனக்குப் புரிஞ்சிட்டு” என்றாள். அன்றோடு கோதுமையை விட்டாள். திரும்பவும் எழுந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கினால் திங்கட்கிழமை வயிறு பிசையும், செவ்வாயன்று வாய் புண்ணாகும். வாங்காத வாரம் ஒன்றுமில்லை. அவளுக்கே அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். பிறகு பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுச் சாமியாரிடம் சொன்னாள். அங்கே பேசியதை வெளியில் சொல்லச் சாமிக்குத்தான் தடை, அவளுக்கு இல்லை என்பதால் குசினியில் வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “அது அப்பமில்ல மகளே, ஆண்டவரோட சரீரம், உன்னை என்ன செய்யும்னு கேட்டாவ. மாறுனது எனக்குத் தெரியும் சாமி, என் வயித்துக்குத் தெரியலியேன்னேன். சீக்காளிக்குக் கட்டாயமில்ல, மனசால வாங்கிக்கோன்னு சொல்லிட்டாவ.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எதற்கும் சிரிக்கிற அத்தை அன்று அழுதாள். “கிட்டப் போயிட்டு, மொகத்தப் பாக்காம திரும்புத மாதிரி இருக்கு மைனி.”

அதற்குப் பிறகுதான் உண்மையான நோய் தொடங்கியது. அது ஊருக்கு வந்த நோய். நன்மை வாங்கும் நேரத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியடிக்குப் போய் முழங்காலிடும். அத்தை மட்டும் இருந்த இடத்தில் இருப்பாள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவான பாவம் செய்தவர்கள்தான் நன்மைக்குப் போகமாட்டார்கள். புருஷன் கடலில் இருக்க, உடம்பு தேறி முகத்தில் ரத்தம் ஓடுகிற ஒரு பெண் என்ன பாவம் செய்திருப்பாள் என்று கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. “கோதும சேராதாம்ளா! செஞ்சதயும் செஞ்சிட்டுச் சாமி மேல பழி போடுதா” என்று என் காதுபடவே பேசினார்கள். விஷயம் தெரிந்த சாமியாரோ வாய் திறக்க முடியாது. அந்தப் பெண்களில் ஒருத்தியையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் போதித்தார்கள், எனக்கு வரவில்லை. அம்மா பயந்துபோய், “ஒரு வாரமாவது வாங்கிருளா, வயித்தவலிய நான் பாத்துக்கிடுதேன். உன் புருசன் காதுக்குப் போனா உன் வாழ்க்கை என்னாவும்?” என்று மன்றாடினாள். மாமா நம்பாமல் போனால் அவளுக்குப் போக்கிடம் எங்கள் வீட்டு மூலைதான். அத்தை வாங்கவில்லை. ஆனால் ஒரு வாரமும் பூசைக்குப் போகாமல் இருக்கவும் இல்லை. எல்லோரும் பார்க்கும்படி முன்வரிசையில்தான் இருப்பாள்.

மாதா திருவிழாவுக்கு முன்னால் மாமாவின் தோணி வந்தது. கரையில் இறங்கி வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டார் போலிருந்தது, முகம் கல்லாக இருந்தது. அத்தை அவருக்குச் சோறு போட்டாள். நடந்ததைத் தானே முதலிலிருந்து சொன்னாள். அவர் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். திருவிழாப் பூசையில் ஆண்கள் பக்கம் அவர் இருந்தார், பெண்கள் பக்கம் நாங்கள். நன்மைக்கு மணி அடித்தது. மாமா எழுந்தார். கிராதியை நோக்கி நடந்தவர் நடுவழியில் திரும்பி, பெண்கள் பக்கத்துக்குள் நுழைந்து, அத்தையின் அருகில் முழங்காலிட்டார். அந்தக் காலத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பாட்டுக்காரர்கள்கூட ஒரு வரியை விட்டுவிட்டார்கள். கடைசி ஆள் நன்மை வாங்கித் திரும்பும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். வெளியே வந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிமறித்துக் கேட்டதற்கு மாமா சொன்னார்: “என் பொண்டாட்டிக்கு எலை போடாத பந்தியில எனக்கென்ன சோலி?”

அன்றோடு ஊர் வாயடைத்தது. பிறகு அத்தைக்கு ஒரு பையன் பிறந்தான், கருப்பாய், கத்திக் கத்தி ஊரைக் கூட்டுகிறவனாய். மாமா கொழும்பில் இருக்கும்போது அங்குள்ள கோயிலில் நன்மை வாங்கிக்கொள்வார். இங்கே வந்தால் அத்தையோடு இருந்துவிடுவார்.

இப்போது என் பேத்திக்கு அதே நோய். சீலியாக் என்கிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு குழாயை உள்ளே விட்டு ஒரு பார்வை, அவ்வளவுதான், கோதுமை ஆயுளுக்கும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் மில்லர்புரத்துக் கடையிலேயே கோதுமை இல்லாத பிஸ்கட் கிடைக்கிறது. முதல்முறை நன்மை வாங்கும் புதுநன்மை அன்று அவளுக்கு அப்பத்துக்குப் பதிலாகச் சாமியார் கிண்ணத்திலிருந்து திராட்சை ரசம் கொடுத்தார், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்தநாள் கேக் தின்ன முடியவில்லை என்று பிள்ளை அழும்போது பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்ன அன்று பேத்திக்காக அல்ல, அத்தைக்காகத்தான் நான் அழுதேன். ஒரு பெயர் மட்டும் அன்று இருந்திருந்தால் போதும்.

அத்தை எழுபது வயதைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். மாமா அதற்கு முன்பே போய்விட்டார். சாகுமுன் தருகிற அவஸ்தைப்பூசுதலும் கடைசி நன்மையும் கொடுக்க ஒரு காலையில் சாமியாரை அழைத்து வந்தோம். இளம் வயதுக்காரர், விஷயத்தை நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் அப்பத்தில் மிகச் சிறிய துணுக்கைக் கிள்ளப் போனார். அத்தை கையை உயர்த்தித் தடுத்தாள்.

“கிள்ளாதிய சாமி. முழுசாத் தாங்க. இனிமே இந்த வயிறு என்னைய என்ன செஞ்சிரும்?”

நன்மை பல்லில் படக்கூடாது, நாவிலேயே கரைய வேண்டும் என்றுதான் எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அத்தை மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கன்னம் அசைய அசைய மென்றாள். சாமியார் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“நல்லா இருக்கு” என்றாள்.