பீரோ வைத்து அடைத்த ஜன்னல்

“…அதனால நீங்க வெளிய வராதீங்க மேடம். அந்தம்மா இப்ப ஆரு என்ன சொன்னாலும் காதுல வாங்கற நெலமையில இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டே பழனிவேலு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

வராண்டாவில் ராமாயி என்ற பெண் கத்திக்கொண்டிருந்தார். “எங்கூட்டுக்காரரு மழையில ஓடியாந்து நின்னாருங்க. உக்காருன்னு சொன்னது ஆரு? சொன்ன வாயி இப்ப எங்க போச்சு?”

சொன்ன வாய் என்னுடையது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கொல்லிமலையில் எங்கள் விவசாய ஆபீசுக்கு ஒரே ஓர் அறை. மாட்டாஸ்பத்திரிக் கிளையின் கூரை ஒழுக ஆரம்பித்ததும் அதையும் எங்கள் அறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் மேலே வருவார். மற்ற நாளெல்லாம் உதவியாளர் பழனிவேலுதான். ஒரு மூலையில் என் கம்ப்யூட்டர். ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் அவருடைய மேசை.

நான் பத்தாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரை நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். ஒரு விவசாயியின் விவரத்தை ஏற்றி முடிப்பதற்குள் சைட் நாலு தடவை நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துப் பழனிவேலு ஜன்னலில் கூவுவார். “ஏனுங்க அப்புச்சி, கெடாரி செனை புடிச்சுதா?” “என்ன கண்ணு, கோழிக்குக் கழிச்சல் நின்னுச்சா?” பதிலும் அதே சத்தத்தில் வரும். அவர் கோழிக் கழிச்சலைக் கேட்ட நேரத்தில் நான் பட்டா நம்பரைத் தப்பாக அடித்திருப்பேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நானும் பேச்சுக்காரிதான். அவர் வந்த பிறகு என் பேச்சைக் கேட்க அந்த அறையில் ஆளில்லை.

மலைக்காரர்கள் ஆபீசுக்குள் வரக் கூச்சப்படுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “உள்ள வந்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குதுங்க. கம்பியப் புடிச்சாத்தான் வருது” என்றார் ஒரு பெரியவர். ஜனங்களின் வாயில் வருகிற இப்படிப்பட்ட பேச்சுகளை டைரியில் குறித்து வைப்பது என் பழக்கம். அதையும் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதில் எனக்கும் ஒரு சேதி இருந்தது என்று தோன்றவில்லை.

முதலில் இருமிப் பார்த்தேன். பிறகு ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். “இது எனக்கா மேடம், ஜன்னலுக்கா?” என்று சிரித்தார் பழனிவேலு. ஐப்பசியில் அவர் நாலு நாள் லீவில் ஊருக்குப் போனார். வாட்ச்மேனை ஒரு கை பிடிக்கச் சொல்லி, பைல் பீரோவை ஜன்னலை மறைத்து நகர்த்திவிட்டேன்.

திரும்பி வந்தவர் பீரோவை மேலும் கீழும் பார்த்தார். “ஜன்னல் என்னங்க தப்புப் பண்ணுச்சு?”

“பனி உள்ள வருது பழனிவேலு. பைலெல்லாம் நமுத்துப் போகுது.”

“ஆளுக எங்கீங்க வந்து நிப்பாங்க?”

“கதவு எதுக்கு இருக்கு? உள்ள வரட்டும்.”

அதற்குப் பிறகு இரண்டு வாரம் சத்தமே இல்லை. இப்போதுதான் ஆபீஸ் ஆபீசாக இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் பெருமையாகச் சொன்னேன். வருகிற ஆட்கள் குறைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்று விவரம் ஏற்றக் கடைசி நாள். நல்ல மழை. பழனிவேலு பின்கட்டில் தடுப்பூசிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ராமாயியின் கணவர் வெள்ளையன் தேவனூர் நாடு என்கிற மலைக்கிராமத்திலிருந்து வந்து கதவோரம் நின்றார். அவர்கள் ஊரில் போனுக்கு டவர் கிடைக்காது. “அம்மணி…” என்றார்.

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் வெளிய உக்காருங்க, கூப்புடறேன்.”

“சரீங்க.”

விதை வாங்க வந்தவர் என்று நினைத்தேன். நான் பின்கட்டுக்குப் போய்ப் பழனிவேலுவிடம் சொல்லப்போகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துப் பழனிவேலு அழுக்குத் தண்ணீரை ஊற்ற வெளியே போனபோதுதான் பேச்சு கேட்டது.

“ஏனுங்க, எப்ப வந்தீங்க?”

“அப்பவே வந்துட்டனுங்க. அம்மணி கூப்புடறேன்னாங்க. மாடு குச்சிக்கிழங்குத் தழையத் தின்னுபோட்டு நொரை தள்ளுதுங்க.”

குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி; அதன் தழை மாட்டுக்கு விஷம். பழனிவேலு வாளியை அப்படியே போட்டுவிட்டு மருந்துப் பையை எடுத்தார். வெள்ளையனை ஏற்றிக்கொண்டு பைக் கிளம்பியது. மத்தியானம் திரும்பி வந்தபோது முழங்கால் வரைக்கும் சேறு. “போறதுக்குள்ள முடிஞ்சுருச்சுங்க மேடம். கன்னு பொறந்து இருவது நாள்தானாம்.” அந்த வீட்டில் கறவை என்று இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் விடாத மழையில் புருஷனும் பெண்சாதியுமாக வந்தார்கள். முதலில் எழுதியது அந்தக் காலையைத்தான்.

பீரோவை அதற்கு முந்தின சாயங்காலமே நகர்த்திவிட்டிருந்தேன். அது சுலபம். தேவனூர் நாட்டுக்குப் போய் ராமாயியைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். போகவில்லை. பழனிவேலு மாற்றலாகிக் கீழே போகிற வரைக்கும் அவரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து மேசைக்காரர் தொல்லை என்று பட்டால், அந்தத் தொல்லையால் யாருக்காவது உபகாரம் நடக்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள், அப்புறம் முகத்தைச் சுளியுங்கள். தப்பு உங்களுடையது என்றால் அந்த நிமிஷமே எழுந்து வெளியே போங்கள். தள்ளிப் போட்டால் என்னைப் போல எழுதிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அந்தக் காலையில் நான் எழவில்லை. பழனிவேலுதான் வராண்டாவுக்குப் போனார்.

“நாந்தானுங்க உக்காரச் சொன்னேன். வேலை மும்முரத்துல மறந்துபோட்டேன்” என்றார்.

வெள்ளையன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு கதவு வழியாக என்னைப் பார்த்தார். மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். ராமாயி திட்டத் தொடங்கினார். தொண்டை கட்டுகிற வரைக்கும் திட்டினார். பழனிவேலு ஒரு வார்த்தையும் தடுக்காமல் நின்று கேட்டார். ராமாயி ஓய்ந்ததும், “கன்னு புட்டிப் பால் குடிக்குதுங்களா?” என்று கேட்டார். ராமாயி இல்லை என்று தலையை ஆட்டினார். பழனிவேலு உள்ளே வந்து, என் பக்கம் திரும்பாமல், ஃபிரிட்ஜ் மேலிருந்த ரப்பர் காம்புப் புட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களோடு மழையில் இறங்கி நடந்தார்.