பெரட்டுச் சம்மதம்

காலை 7.00. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு மின்ரயிலில் ஒருவழிச் சீட்டு 46 ரிங்கிட். சன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்த்ததாக நினைவில்லை. சிலிம் ரிவரும் காம்பாரும் எப்போது கடந்தன என்றே தெரியாது. மடியில் ஒரு கோப்பு இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் அதில் இருந்தது. இதைப் பயணக் கட்டுரை என்று நினைத்து, ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளையும் குகைக் கோயில்களையும் பற்றிப் படிக்க வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

9.25, ஈப்போ. நிலையத்துக்கு எதிரே காப்பி 2 ரிங்கிட் 80 சென். பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவன். தோட்டத்தை விற்றபோது, படித்தவன் என்று என்னையே குடியிருப்பாளர் குழுவுக்குத் தலைவனாக்கினார்கள். வாங்கியவர்கள் இரண்டு வருடத்தில் கல்வீடு தருவதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் என்று பலகையும் தகரமும் வைத்து ஒரு நீளவீடு கட்டினார்கள். நாற்பத்திரண்டு குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு அதில் குடியேறின. கல்வீடு வரவே இல்லை. இன்று அங்கே மிஞ்சியிருப்பது ஏழு குடும்பம். அதையும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது.

ஈப்போவில் ஒரு பெண் வழக்கறிஞர் காசு வாங்காமல் வழக்கை எடுத்துக்கொள்ள முன்வந்திருந்தார். "ஏழு குடும்பமும் சேர்ந்து நின்னாதான் கேசு நிக்கும் அங்கிள். உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும். கேட்டுட்டு நாளைக்கு நாலு மணிக்குள்ள வந்து சொல்லுங்க" என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தார். எளிய வேலை என்றுதான் நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஈப்போவிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், வாடகைக் கார் 38 ரிங்கிட். ஓட்டுநர் சிவா பேச்சுக்காரர்.

"அந்த எஸ்டேட்டா அண்ணே? அங்க ஒண்ணும் இல்ல லா. பால்மரத்த எல்லாம் வெட்டிட்டு செம்பனை போட்டாச்சு. சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

10.40. நீளவீட்டின் பலகைகள் அடியில் ஊறி உப்பியிருந்தன. கூரைத் தகரத்தில் பாதி துரு. வாசலை ஒட்டி ஓடும் கால்வாயில் தண்ணீர் நகரவில்லை. தற்காலிகம் என்று நான் சொல்லி அனுப்பிய வீட்டில் குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போயிருந்தார்கள். வெட்கமாக இருந்தது.

பதினோரு பேர் வெளியே வந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். யாராவது திட்டியிருந்தால் தேவலை. நான் உட்காராமல் கோப்பைத் திறந்து விஷயத்தைச் சொன்னேன். பிறகு பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

"ஆறுமுகம்."

"சரிங்க கிராணி."

"லெட்சுமி."

"சரிங்க."

நான்காவது பெயரில் என் குரல் எனக்கே கேட்டது. அது பெரட்டுக் குரல். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பதில் வந்தால் அன்றைக்கு வேலை, வராவிட்டால் இல்லை. இருபது வருடம் நான் கூப்பிட்டிருக்கிறேன். ஒருவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கேட்டதும் அதே களத்தில், அதே வரிசையில், அதே குரலில்தான். நாற்பத்திரண்டு "சரிங்க" வந்தது. 'ஏகமனதாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தோட்டத்தை வாங்கிய கம்பெனி ஏமாற்றியது உண்மை. அந்த ஏகமனது மட்டும் நான் செய்தது.

கோப்பை மூடினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க" என்றார் சரோஜா அக்கா. அவர் கணவர் இந்த நீளவீட்டிலேயே இறந்துபோனவர்.

"அக்கா, அன்னிக்கு அவரு சரின்னு சொன்னது மனசாரத்தானா?"

"பெரட்டுல நின்னுகிட்டு கிராணிகிட்ட யாரு மாட்டேன்னு சொல்வா? வீட்டுக்கு வந்து அழுதாரு. லயத்த விட்டுப் போகக் கூடாதுன்னாரு. நீங்க வீட்டுக்கு வந்து கேப்பீங்கன்னு ரெண்டு நாளு பாத்தாரு. நீங்க வரல லா."

11.15 முதல் 2.30 வரை வீடு வீடாகப் போய் உட்கார்ந்தேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லலாம் என்றேன். ஆறுமுகம், கேசு தோற்றால் எங்கே போவது என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். முன்பு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. ஆறு வீடுகள் சம்மதித்தன. சரோஜா அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன்.

"என்னால இன்னொரு தடவ காத்துக் கெடக்க முடியாது. மக கிள்ளானுக்குக் கூப்பிடுறா. போறேன்."

"நீங்க ஒருத்தர் சேரலன்னா மத்த ஆறு பேருக்கும்..."

"பாத்தீங்களா, இப்பவும் பெரட்டுதான்."

வெளியே வந்து மற்ற ஆறு வீட்டாரிடமும் நடந்ததைச் சொன்னேன். லெட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறுமுகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரோஜா பேரையும் எழுதிட்டுப் போங்க லா! யாருக்குத் தெரியப் போகுது? அன்னிக்கு மட்டும் எழுதத் தெரிஞ்சிச்சா?"

முடியாது என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

3.50, ஈப்போ. வழக்கறிஞர் பேனாவை எடுத்தார். "ஏழும் சம்மதம்னு எழுதிக்கவா?"

"ஆறு. ஒருத்தர் வேணாம்னுட்டாங்க. அதையும் எழுதுங்க."

"அப்ப ரொம்ப கஷ்டம் அங்கிள்."

"தெரியும்மா. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி நான் யார்கிட்டயும் ஒழுங்கா கேக்கல. அதையும் என் பேர்ல எழுதுங்க."

"அது உங்களுக்கே எதிரா போகும்."

"போகட்டும்."

எழுதினார், கையெழுத்துப் போட்டேன். இது வழக்குக்கு உதவுமா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலை 5.40 ரயில். கோலாலம்பூர் பக்கத்துக் கஜாங்கில் எனக்கு மூன்று அறைக் கல்வீடு இருக்கிறது. அதில் இருக்கப் போகிறாயா, கிளம்பப் போகிறாயா என்று யாரும் என்னை வரிசையில் நிறுத்திக் கேட்டதில்லை. மாதக் கடைசிக்குள் அந்த நீளவீட்டுக்கு மறுபடி போகவேண்டும், நல்ல சேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆறுமுகம் கதவைத் திறப்பார் என்று தோன்றவில்லை. தட்டிவிட்டு வெளியே நிற்கத்தான் வேண்டும்.