வெயிலை ஆட்டத்தில் இறக்கிய கோச்

தோஹாவில் என் மகன் படிக்கும் கல்லூரிக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் வருஷா வருஷம் ஃபுட்பால் மேட்ச். மூன்று வருஷமாக எங்களுக்குத் தோல்விதான். அணியில் ஆடும் மகனுக்கு இது கடைசி வருஷம் என்பதால், நஜ்மா பகுதியில் இருக்கும் என் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன்.

புதுக் கோச் கன்னியாகுமரி கடற்கரைக்காரர். ஒல்லியான ஆள், கழுத்தில் சிலுவை. பேரீச்சங்கொட்டைகளைத் தரையில் பரப்பித்தான் ஆட்டம் சொல்லிக்கொடுப்பார்.

"முதல் பாதியில கோலுக்கு ஓடாதிய மக்கா. பந்தை வெயில் பக்கம் தூக்கிப் போட்டுட்டு நிழல்ல நில்லுங்க."

எதிர்க் கோச்சோ பெரிய போர்டைத் தட்டி, "ஓடு, ஓடு, விடாதே!" என்று தன் பிள்ளைகளைப் பந்துக்குப் பின்னால் வெயிலில் விரட்டினார். இரண்டாம் பாதியில் அவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பாய், துஆ கேட்டியளா?" என்றார் எங்கள் கோச்.

"நம்ம புள்ளைகளுக்காக அல்லாஹ்கிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"அவனுவளுக்கும் சேத்துக் கேளுங்க. பாவம், நான்தான வெயில்ல போட்டு வாட்டுதேன்!"

கடைசி நிமிஷத்தில் மகன் கோல் போட்டான். அல்ஹம்துலில்லாஹ், சின்னப்பிள்ளை மாதிரி குதித்தேன். கோச் மட்டும் தண்ணீர் பாட்டில்களோடு எதிரணிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

என்ன மனுஷனோ! இன்றைக்கும் நான் கை ஏந்தினால், அந்தத் தோற்ற பிள்ளைகளும் என் துஆவில் வந்துவிடுகிறார்கள்.